பாழடைந்த கடைத்தெருக் கட்டடங்களைக் கட்டுப்படியாகும் வீடுகளாக மாற்றுவது எப்படி: மட்டக்களப்பு நகருக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பு நகரின் நடுப்பகுதியான புளியந்தீவு, வாவியால் சூழப்பட்ட சிறு நிலப்பரப்பு. ஒல்லாந்தர் கோட்டையும், போதனா வைத்தியசாலையும், பழம்பெரும் பாடசாலைகளும், வங்கிகளும், கடைத்தெருவும் நடந்து போகும் தூரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இவற்றுக்கு இடையிலேயே கூரை விழுந்த, சுவர் வெடிப்பில் ஆலங்கன்று வேரோடிய, முன்கதவுப் பலகைகள் ஆணியடித்து மூடப்பட்ட கட்டடங்களும் நிற்கின்றன. வைத்தியசாலையில் துப்புரவுப் பணி செய்பவரும், துணிக்கடைச் சிப்பந்தியும், முச்சக்கரவண்டி ஓட்டுநரும் நகருக்குள் வாடகை கொடுக்க வழியின்றித் தொலைவில் குடியிருந்து, கிடைக்கும் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பயணத்துக்கே செலவிடுகின்றனர். இடமும் இருக்கிறது, தேவையும் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் வேலையை எந்த ஒழுங்கில் செய்யலாம் என்பதே இங்கு சொல்லப்படுவது. கட்டட உரிமையாளரின் குடும்பத்தினர், ஊர்ச் சங்கங்கள், மாநகர சபை உறுப்பினர்கள், இளம் பொறியியலாளர்கள் ஆகியோரை மனதிற்கொண்டு இது எழுதப்படுகிறது.

இத்தகைய கட்டடங்களிற் பெரும்பாலானவை சீமெந்துக்குக் காசில்லாமல் பாழாகவில்லை. கையொப்பமிடக்கூடிய ஒரே ஆள் இல்லாமையாலேயே பாழாகின. பத்துப் பன்னிரண்டு பங்காளிகள், அவர்களிற் சிலர் வெளிநாட்டில், சிலர் இறந்துவிட்டார்கள், ஒருவர் இன்னொருவரோடு பேசுவதில்லை என்ற நிலையில், மழை ஒவ்வோர் ஆண்டும் கூரையில் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. ஆகவே கட்டட வேலை பற்றி எழுதுவதற்கு முன்னர் பத்திரங்களைப் பற்றி நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. பொறியியலாளர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்ல விரும்பக்கூடும். தாண்டிச் சென்றவர்களின் வரைபடங்கள் பல அலுமாரிக்குள் கிடக்கின்றன.

உறுதியும் பங்காளிகளும்

முதலில் கட்டடத்தின் ஆதனவரி இலக்கத்தை எடுத்துக்கொண்டு மாநகர சபைக்குச் செல்ல வேண்டும். வரிப் பதிவேட்டில் உள்ள பெயர் பெரும்பாலும் இறந்துபோன ஒருவருடையதாகவே இருக்கும். அப்பெயர் உரிமைக்குச் சான்றாகாது, தேடலுக்கு ஒரு தொடக்கம் மட்டுமே. அதே வேளையில் வரி நிலுவை எவ்வளவு என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அந்தத் தொகை பின்னர் பேச்சுவார்த்தையில் ஒரு முக்கிய இடத்தைப் பிடிக்கும். அடுத்து காணிப் பதிவகத்தில், நம்பிக்கையான ஒரு பிரசித்த நொத்தாரிசைக் கொண்டு, குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பின்னோக்கித் தேடுவித்து, உறுதிகளின் (காணிப் பத்திரங்களின்) பிரதிகளையும் ஈடு, வழக்குப் பதிவு போன்றவற்றையும் பெற வேண்டும். உறுதியில் எழுதப்பட்ட எல்லைகள் இன்றுள்ள சுவர்களோடு பொருந்துகின்றனவா என்பதை உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவர் அளந்து சொல்ல வேண்டும். ‘வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே ஒழுங்கை’ என்று எழுதிய பழைய உறுதிகளில், அந்த இன்னாரையும் காண முடியாது, ஒழுங்கையையும் காண முடியாது.

மட்டக்களப்பில் இத்தேடலுக்குத் தனியான ஒரு சிக்கல் உண்டு. இங்கு வீடு மகளுக்குச் சீதனமாகப் போவது வழக்கம். முக்குவர் சட்டம் என்ற இப்பகுதியின் வழமைச் சட்டம் நடைமுறையில் இருந்த நாட்களில் தாய்வழி உரிமை சட்டமாகவே இருந்தது; 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்குப் பின்னர் பொதுச் சட்டமே பொருந்துகிறது என்றாலும், வழக்கம் வீடுகளுக்குள் தொடர்ந்து வாழ்கிறது. எனவே முன்பக்கக் கடை மாமனின் பெயரிலும், பின்பக்க வீடு மருமகளின் பெயரிலும், கிணறு இருவருக்கும் பொதுவாகவும் அமைந்திருப்பது அரிதன்று. சீதனம் வாய்ப்பேச்சில் கொடுக்கப்பட்டு உறுதி முடிக்கப்படாமலே போன கதைகளும் உண்டு. தந்தை வழியில் மட்டும் விசாரித்துவிட்டு ‘எல்லாரையும் கண்டுபிடித்துவிட்டோம்’ என்று முடிவு செய்பவர்கள், பத்திரம் எழுதும் நாளன்று ஓர் அத்தையின் பேத்தியால் தடுத்து நிறுத்தப்படுவார்கள். குடும்பத்தின் மூத்த பெண்களிடமே முதலிற் பேச வேண்டும்.

ஒரு பெரிய தாளில் வம்ச மரத்தை வரைந்து, ஒவ்வொரு பெயருக்கும் கீழே உயிருடன் உள்ளாரா, எந்த நாட்டில் உள்ளார், எந்த நாட்டின் பிரசை, பங்கு எவ்வளவு என்று எழுதுவது பயன் தரும். பொதுச் சட்டத்தின்படி, விருப்பாவணம் (உயில்) இன்றி இறந்தவரின் ஆதனத்தில் எஞ்சியிருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ அரைப் பங்கு சேரும். மீதி பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரியும். துணையும் இறந்துவிட்ட நிலையில் நான்கு பிள்ளைகள் என்றால் ஆளுக்கு 4இல் 1. அவர்களில் ஒருவர் மூன்று பிள்ளைகளை விட்டு இறந்திருந்தால் அப்பிள்ளைகளுக்கு ஆளுக்கு 12இல் 1. அந்தத் தாளைப் பார்த்த பின்னர்தான் குடும்பத்தினருக்கே உண்மை நிலை விளங்குகிறது. ‘எங்கள் வீடு’ என்று நினைத்திருந்தவருக்கு அதில் இரண்டு பேர்ச்சுக்கும் குறைவான பங்கே இருப்பதைக் காட்டும் தாள் அது.

நீண்டகால ஆட்சியுரிமை பற்றியும் தெளிவு வேண்டும். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு காணியை 10 ஆண்டுகள் இடையறாது, உரிமையாளருக்கு எதிரிடையாக ஆட்சி செய்தவர் உரிமை கோரலாம். போர்க்காலத்தில் வெளியேறியோர் இதனால் காணியை இழந்துவிடக் கூடாது என்பதற்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்துக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யப்பட்டது. அச்சட்டத்தின் கீழ் வழக்கிடுவதற்குக் கால எல்லை விதிக்கப்பட்டிருந்ததால், கட்டடத்தில் வேறொருவர் குடியிருந்தால் இந்த விடயத்தைச் சட்டத்தரணியிடம் முதல் நாளே கேட்டுவிட வேண்டும். வெளிநாட்டுப் பிரசாவுரிமை பெற்ற பங்காளிகளைப் பொறுத்தவரை, வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டமும் அதற்குப் பின்வந்த திருத்தங்களும் பார்க்கப்பட வேண்டும். ‘காணியைத் தாருங்கள், பதிலுக்கு ஒரு மாடிவீடு தருகிறோம்’ என்று கனடாவில் உள்ளவரிடம் வாக்குக் கொடுப்பதற்கு முன்னர் அந்தக் கைமாற்றம் சட்டப்படி செல்லுமா என்று உறுதிப்படுத்திக்கொள்ளாவிட்டால் பின்னர் பெரும் மனக்கசப்பே மிஞ்சும்.

பங்காளிகள் யாவரும் தெரிந்த பின்னர் நான்கு வழிகள் உள்ளன. எல்லாரும் இணங்கினால் ஒரே உறுதியில் விற்கலாம் அல்லது பிரித்துக்கொள்ளலாம். இணங்காவிட்டால் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் எந்தப் பங்காளியும் வழக்கிடலாம். அவ்வழக்கின் தீர்ப்பு எவரையும் கட்டுப்படுத்தும் வலிமை உடையது, ஆனால் அதற்குக் காத்திருக்கும் ஆண்டுகளில் கூரை முழுவதும் விழுந்துவிடும். 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் கீழ், பொதுத் தேவைக்காக அரசு கட்டாயமாக எடுப்பது மூன்றாவது வழி. இழப்பீடு தாமதிப்பதும், காணி தொடர்பாக இப்பகுதி மக்களிடம் உள்ள பழைய அச்சங்களும் சேர்ந்து, இவ்வழியைத் தொடக்கத்திலேயே கையில் எடுப்பவருக்கு ஊரின் நம்பிக்கை கிடைக்காமற் செய்துவிடும். எனவே இதைக் கடைசி வழியாகவே வைத்திருக்க வேண்டும்.

எனது பரிந்துரை நான்காவது வழிக்கே: நீண்டகாலக் குத்தகை. உரிமை பங்காளிகளின் பெயரிலேயே இருக்க, 30 அல்லது 50 ஆண்டுகளுக்குக் கட்டடமும் நிலமும் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கோ மாநகர சபைக்கோ குத்தகைக்கு விடப்படுகின்றன. பாட்டியின் வளவை விற்றுவிட்டோம் என்ற சொல்லைக் கேட்க விரும்பாத குடும்பம் குத்தகைக்கு இணங்கும். ஆண்டு வாடகை பங்கின் அளவுக்கேற்பப் பிரிக்கப்படும்; ஆதனவரி நிலுவையை முதலாண்டுகளின் வாடகையிற் கழித்துத் தீர்க்கலாம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையிலேயே எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் விதி. எழுதியதைக் காணிப் பதிவகத்தில் பதிவு செய்வதும் இன்றியமையாதது.

உள்ளே இருப்பவர்கள்

பாழடைந்தது என்று வெளியிலிருந்து சொல்லப்படும் கட்டடம் பெரும்பாலும் வெறுமையாக இருப்பதில்லை. முன்விறாந்தையில் ஒரு தேநீர்க்கடை, பக்கவாட்டில் சைக்கிள் திருத்துபவர், பின்னறையில் வயதான ஒரு தாய், மாடிப்படியின் கீழ் நாட்கூலி செய்யும் ஒருவர் என்று நான்கு வாழ்க்கைகள் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். திட்டம் அறிவிக்கப்படுவதற்கு முன்னரே கிராம உத்தியோகத்தருடன் சென்று, யார் எந்தப் பகுதியில், எவ்வளவு காலமாக, எந்த அடிப்படையில் இருக்கிறார் என்று எழுதி, அவரிடமே வாசித்துக் காட்டிக் கையொப்பம் பெற வேண்டும். அறிவித்த பின்னர் சென்றால் புதிதாக வந்தவர்களும் பழையவர்களாகிவிடுவார்கள். வாடகைக்கு இருப்பவர் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றவரா என்பதும் பார்க்கப்பட வேண்டும். வேலை நடக்கும் காலத்தில் அவர்கள் எங்கே தங்குவார்கள், யார் வாடகை கட்டுவார்கள், திரும்பி வரும்போது எந்த வீடு அல்லது எந்தக் கடை என்பவற்றை எழுத்தில் கொடுத்துவிட்டே முதல் ஓட்டைக் கழற்ற வேண்டும்.

புதிய வீடுகள் யாருக்கு என்பதையும் இதே கட்டத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். அம்பாறை மாவட்டத்தில் அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில், சுனாமிக்குப் பின்னர் சவூதி அரேபியாவின் உதவியில் கட்டப்பட்ட 500 வீடுகள், எவருக்கு வழங்குவது என்ற பிணக்கு நீதிமன்றம் வரை சென்றதால் பல்லாண்டுகள் பூட்டியே கிடந்தன. (புத்தளத்தில் அனல்மின் நிலையம் உள்ள நுரைச்சோலை வேறு ஊர்.) ஆளில்லாத வீடு எவ்வளவு விரைவில் பாழாகும் என்பதை அவ்விடத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். நகரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் அருகருகே தொழில் செய்கின்றனர். தெரிவு முறை எழுத்தில், புள்ளி அடிப்படையில், பெயர்ப்பட்டியல் பிரதேச செயலகத்தில் எல்லாரும் பார்க்குமாறு ஒட்டப்பட்டதாக இருந்தால், பின்னர் எழக்கூடிய குற்றச்சாட்டுகளிற் பெரும்பகுதி எழாது. நகர மையத்தில் தொழில் செய்வது, இப்போதைய வாடகைச் சுமை, மாற்றுத்திறனாளியோ முதியவரோ குடும்பத்தில் இருப்பது, பெண் தலைமை தாங்கும் குடும்பமாயிருப்பது ஆகியவை புள்ளிக்குரிய நியாயமான அளவுகோல்கள். தொழிலிடத்துக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தை நான் முதலில் வைப்பேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் நாவலடி போன்ற கரையோர ஊர்களில் இருந்து திராய்மடுவில் குடியேற்றப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது. தோணியும் வலையும் இருந்த இடம் தொலைவாயிற்று.

இடிப்பதா, காப்பதா

இதற்கு விடை கட்டடத்தைத் தட்டிப் பார்த்தே சொல்லப்பட வேண்டும். முதலில் சட்டம்: 1815 மார்ச் 2 இற்கு முற்பட்டதாகக் கருதப்படும் கட்டடம் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பழைமையான நினைவுச்சின்னம் ஆகிறது, அதற்குப் பிற்பட்டதும் பாதுகாக்கப்பட்டதாகப் பிரகடனப்படுத்தப்பட்டிருக்கலாம். கோட்டையை அண்டிய தெருக்களில் வேலை செய்ய நினைப்பவர்கள் தொல்பொருள் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெற வேண்டும்.

அடுத்தது கட்டமைப்பு. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட தடித்த பழைய சுவர்களுக்கும், 1960களுக்குப் பின்னர் எழுந்த கொங்கிறீற் கட்டடங்களுக்கும் நோய் வேறு. பழைய சுவரில் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, சுவர் எவ்வளவு சரிந்துள்ளது என்று அளக்க வேண்டும்; அத்திவாரத்தை இரண்டு மூன்று இடங்களில் தோண்டிப் பார்க்க வேண்டும்; ஆலமர வேர் எதுவரை சென்றிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சுவர் நேராக நின்று, கூரை மட்டும் போயிருந்தால் அச்சுவரைக் காப்பதே மலிவு. வாவியின் உப்புக் காற்றில் நாற்பது ஐம்பது ஆண்டுகள் நின்ற கொங்கிறீற்றின் நிலை இதற்கு எதிர்மாறானது. கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேற்பூச்சைத் தள்ளி உடைக்கிறது. சுத்தியலால் தூணைத் தட்டும்போது ‘டொக் டொக்’ என்று வெற்றோசை கேட்கும் இடங்களைச் சோக்கட்டியால் குறித்து, அவ்விடத்தில் சிறிது உடைத்து, புதிதாக உடைந்த முகத்தின் மீது பினோல்ப்தலீன் கரைசலைத் தெளித்தால், கம்பியைக் காக்கும் காரத்தன்மை எஞ்சியிருக்கும் பகுதி இளஞ்சிவப்பாக மாறும். நிறம் மாறாத பகுதி கம்பியையும் தாண்டி உள்ளே சென்றிருந்தால் அத்தூணின் மேல் புதிதாக ஒரு மாடி ஏற்றக் கூடாது. எத்தனை தூண்கள் அவ்வாறு உள்ளன என்ற எண்ணிக்கையே இடிப்பதா காப்பதா என்பதைத் தீர்மானிக்கிறது. இந்தச் சோதனைக்கு அதிகச் செலவில்லை. ஆயினும் பலர் இதைச் செய்யாமலே புல்டோசரை அழைக்கின்றனர்.

இடிக்க வேண்டியதாயிற்று என்றாலும் கையால் கழற்றுவதே நல்லது. முதிரை, பாலை மரத்தில் அறுத்த பழைய வளைகளும் கதவு நிலைகளும் இன்று வாங்க முடியாத தரம் உடையவை. கள்ளிக்கோட்டை ஓடுகளில் வெடிக்காதவற்றைத் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலிப்பவற்றை அடுக்கி வைக்கலாம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் மேசனின் கரண்டித் தட்டலுக்கே கழன்று வந்து மீண்டும் பயன்படும். சீமெந்துச் சாந்தில் கட்டியது உடைந்தே வரும், அதை அத்திவாரத்தின் அடியில் நிரப்பலாம். அஸ்பெஸ்டஸ் சீற்றுகளை உடைக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணிகளைக் கழற்றி முழுத் தகடாக இறக்க வேண்டும். அதன் தூசி நுரையீரலுக்குள் சென்றால் வரும் நோய் பல்லாண்டுகளுக்குப் பின்னரே தெரியவரும். மூடிக்கிடந்த பாழ்ங்கிணறுகளும் நெடுங்காலம் திறக்கப்படாத நிலவறைகளும் இருந்தால், பொலிசாருக்கு அறிவித்து வெடிபொருள் பற்றிய சோதனை முடிந்த பின்னரே தோண்ட வேண்டும். மாவட்டத்தில் கண்ணிவெடி அகற்றல் நிறைவுற்றிருந்தாலும் இந்த அவதானம் வீணன்று.

அனுமதிகள்

நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அபிவிருத்தி அனுமதி பெற வேண்டும். விண்ணப்பம் மாநகர சபையிலேயே தொடங்குகிறது. முழு வரைபடத்துக்குக் காசு செலவழிப்பதற்கு முன்னர் பூர்வாங்கத் திட்டமிடல் இசைவைப் பெற்று, கட்டடம் தெருவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதைக் காட்டும் தெருக்கோடு, கட்டடக்கோடு, அனுமதிக்கப்படும் உயரம், வாகனத் தரிப்பிடத் தேவை ஆகியவற்றை அறிந்துகொள்வது புத்திசாலித்தனம். கடைத்தெருவின் ஒடுங்கிய துண்டுக் காணிகளில் பலர் தடுக்கி விழுவது வாகனத் தரிப்பிட விதியிலேதான். அருகருகே உள்ள இரண்டு மூன்று வளவுகளை ஒன்றாகத் திட்டமிட்டால் ஒரே நுழைவாயில், ஒரே படிக்கட்டு, ஒரே மலக்குழி என்று இடமும் செலவும் மிஞ்சும்.

வாவிக்கு அருகில் உள்ளவர்கள் மறந்துவிடும் இன்னோர் அலுவலகம் உண்டு. கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 2011 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கடலோடு தொடர்புள்ள வாவியின் விளிம்பிலிருந்து உள்நோக்கி 100 மீற்றர் வரை கரையோர வலயத்துக்குள் அடங்குகிறது. புளியந்தீவின் அகலத்தைப் பார்த்தால், எத்தனை கட்டடங்கள் இதற்குள் வரும் என்பது விளங்கும். கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேறாகப் பெறப்பட வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கடைசியில் கையொப்பத்துக்கு மட்டும் தேடிச் செல்லாமல், வரைபடம் பென்சிலில் இருக்கும்போதே அழைத்துக் காட்டினால் மலக்குழி விடயத்தில் பின்னர் மாற்றி வரைய நேராது.

தண்ணீரும் காற்றும்

நீடித்து நிற்கும் கட்டடம் என்று பேசும்போது பலருக்கும் உடனே நினைவுக்கு வருவது கூரையில் வைக்கும் சூரியப் படல்கள். அவை நல்லவை, பொதுப் படிக்கட்டு விளக்குக்கும் தண்ணீர் மோட்டருக்கும் உதவும். எனினும் மட்டக்களப்பில் ஒரு கட்டடத்தின் ஆயுளைத் தீர்மானிப்பவை வெள்ளம், உப்பு, புயல், கச்சான் எனப்படும் வெப்பமான மேல்காற்று ஆகிய நான்குமே.

வெள்ளத்தை எடுத்துக்கொண்டால், வாவியின் மட்டம் முகத்துவாரத்தைச் சார்ந்தது. கோடையில் மணல் திட்டு வாயை அடைத்துக்கொள்கிறது. மாரியில் உள்நாட்டு வெள்ளம் வந்து சேரும்போது முகத்துவாரம் திறபடும்வரை வாவி எழுகிறது. ஆகையால் தரைமட்டத்தைத் தெருவின் உயரத்தைப் பார்த்து வைக்காமல், 2011 ஜனவரி வெள்ளத்திலும் 2014 டிசம்பர் வெள்ளத்திலும் அந்த வளவில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அயலவரிடம் கேட்டு, சுவரில் காட்டச் செய்து, அதற்கு மேல் ஓரடியாவது உயர்த்தி வைக்க வேண்டும். கீழ்த்தளத்தைக் கடைகளுக்கும், சைக்கிள்களுக்கும், பொதுக்கூடத்துக்கும் விட்டு, குடியிருப்பை மேலே கொண்டுசெல்வது நகர மையத்துக்குப் பொருத்தம். கீழ்த்தளத்தில் மின்செருகிகளை இடுப்பளவுக்கு மேல் பொருத்த வேண்டும். சக்கர நாற்காலியில் உள்ளவருக்கும் முதியவருக்கும் கீழ்த்தளத்தில் வீடு ஒதுக்கினால், அத்தரை மற்றவற்றிலும் உயர்ந்ததாகவும் சாய்தளம் உடையதாகவும் இருக்கட்டும்.

நிலம் மணல், நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் உள்ளது. இத்தகைய இடத்தில் உறிஞ்சு குழி மாரிகாலத்தில் உறிஞ்சுவதில்லை, வெளியே தள்ளுகிறது. பல குடும்பங்கள் பயன்படுத்தும் தொடர்மாடிக்கு நீர் கசியாத மலக்குழியும், அதன் கழிவுநீர் செல்ல உயர்த்திக் கட்டிய வடிபடுக்கையும் வேண்டும். மலக்குழியை உறிஞ்சி வெறுமையாக்கும் கலி பவுசர் வண்டி உள்ளே வந்து நிற்க வழியும் விடப்பட வேண்டும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடி என்று வழமையாகக் கேட்கப்படும் இடைவெளி கடைத்தெருக் காணியில் கிடைப்பதில்லை என்பதால், குடிநீருக்கு உன்னிச்சைக் குளத்து நீரை வழங்கும் குழாய் இணைப்பையே நம்பி, கிணற்றைக் கழுவுவதற்கும் தோட்டத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. மழைநீரின் கணக்கு இலகுவானது: ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றர் மழை என்று எடுத்துக்கொண்டால், 100 சதுர மீற்றர் கூரையில் வீணாவது போக ஏறத்தாழ 128,000 லீற்றர் கிடைக்கும். ஆனால் அதிற் பெரும்பகுதி மாரியின் சில மாதங்களிலேயே கொட்டிவிடுகிறது. அவ்வளவையும் தாங்கியில் பிடிக்க முடியாது. ஒரு நடுத்தரத் தாங்கியை நிரப்பி, மிகுதியை நிலத்துக்குள் விட்டால், உப்பு நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படை தடிக்கும். அதன் பயன் கோடையில் அயல் கிணறுகளிலும் தெரியும்.

உப்பைப் பற்றி மேசனிடம் கண்டிப்பாகப் பேச வேண்டிய மூன்று விடயங்கள் உள்ளன. கடல் மணலும் வாவி மணலும் கலவைக்கு ஆகாது. அனுமதிப்பத்திரத்துடன் வரும் ஆற்று மணலே வேண்டும். உவர் கிணற்று நீரால் கலவை குழைப்பதோ சிலாப்பை நனைப்பதோ கூடாது. கம்பிக்கு மேல் கொங்கிறீற் மூடு 40 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்க, கம்பிக்குக் கீழே சீமெந்துக் கட்டைகளை வைக்க வேண்டும். கைக்குக் கிடைத்த கல்துண்டுகளை வைத்துச் சமாளிக்கும் பழக்கத்தாலேயே இருபது ஆண்டுகளில் சிலாப்பின் அடிப்பக்கம் உதிரத் தொடங்குகிறது. கொங்கிறீற் போடும் நாளன்று மேற்பார்வையாளர் அங்கே நின்று இதைப் பார்க்க வேண்டும், ஏனெனில் மறுநாள் எதுவும் தெரியாது.

1978 நவம்பர் 23 இரவின் புயலை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் இங்கு உள்ளனர். அன்று பறந்தவை பெரும்பாலும் கூரைகள். சுவரின் உச்சியில் சுற்றிவரும் கொங்கிறீற் வளையம், அதில் புதைத்த இரும்புப் பட்டியால் கட்டப்பட்ட மர வளை, குறைந்த வெளிநீட்டம், நான்கு பக்கமும் சரியும் கூரை ஆகியவையே புயலில் கூரையைக் காப்பவை. அவை மொத்தச் செலவில் சிறு பகுதியே.

கச்சான் அடிக்கும் மாதங்களில் மேற்குச் சுவர் அடுப்பாகிறது. ஆகவே படிக்கட்டு, குளியலறை, நடைவிறாந்தை ஆகியவற்றை மேற்கே தள்ளி, படுக்கையறைகளை வடக்கும் தெற்கும் நோக்கி வைத்து, ஒவ்வோர் அறைக்கும் எதிரெதிரே இரண்டு திறப்புகள் கொடுக்க வேண்டும். நீளமான ஒடுங்கிய கடை வளவுகளில் இதற்கு இடம் கிடைக்காதபோது, நம் பழைய வீடுகளின் நடுமுற்றமே தீர்வு. காற்றும் வெளிச்சமும் அதன் வழியே இறங்கும். தட்டையான சிலாப்பை வெயிலில் விட்டால் மேல்மாடி இரவிலும் கொதிக்கும் என்பதால், அதன் மேல் கழற்றி வைத்த பழைய ஓடுகளைச் சட்டத்தில் ஏற்றிக் காற்று ஓடும் இடைவெளியுடன் நிழலாக்கலாம்.

வீட்டின் உள்ளமைப்பில், வரைபவரின் விருப்பத்தைவிடச் சமைப்பவரின் சொல்லுக்கே இடம் வேண்டும். 550 சதுர அடி வீட்டில் மீன் கழுவவும் தேங்காய் துருவவும் அம்மி வைக்கவும் ஒரு சிறு பின்விறாந்தை, தண்ணீர்க் குழாயோடும் வடிகானோடும் இல்லாவிட்டால், அவ்வேலைகள் பொதுப் படிக்கட்டுக்கு வந்துவிடும். அதற்குப் பின்னர் சண்டையை எவராலும் தடுக்க முடியாது. மனையடி சாத்திரம் பார்ப்பவர்கள் பார்ப்பார்கள். அதை வரைபடம் முடியும் முன்னர் பார்க்கச் சொல்லுங்கள். அடுப்பின் திசையை மாற்றக் கேட்டுச் சுவரை உடைப்பது எந்தச் சிக்கனத்திலும் சேராது.

பணம்

எவ்வளவு செலவில் கட்டலாம் என்று கேட்டுத் தொடங்காமல், குடும்பத்தால் மாதம் எவ்வளவு பணம் செலுத்த முடியும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். மாத வருமானம் 60,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், அதில் மூன்றிலொன்றான 20,000 ரூபாவுக்குள் வாடகை அல்லது கடன் தவணை, பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், மின்சாரம் ஆகிய எல்லாம் அடங்க வேண்டும். அதற்கு மேற்பட்டால் அவ்வீடு கட்டுப்படியானதன்று. இரண்டாண்டில் அது வசதியுள்ள ஒருவருக்குக் கைமாறிவிடும். கட்டும் செலவுக்கும் குடும்பத்தால் செலுத்த முடிந்த தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை நிரப்பும் மூலங்கள்: நிலத்துக்கு விலை கொடுக்காமல் குத்தகை கொடுப்பது, கழற்றிய பொருட்கள், தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் கடன், சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள், கீழ்த்தளக் கடைகளின் சந்தை வாடகை. கடைகளை விற்றுவிடாதீர்கள். மாதா மாதம் வரும் அந்த வாடகையே மேல்மாடி வீடுகளைக் குறைந்த விலையில் வைத்திருக்கும்.

வடக்கிலும் கிழக்கிலும் நடைபெற்ற இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு புதிய வீட்டுக்கு 550,000 ரூபா, வேலை முன்னேறும் கட்டங்களுக்கேற்ப, பயனாளியின் வங்கிக் கணக்குக்கே அனுப்பப்பட்டது. மேசனைத் தேர்ந்ததும் பொருள் வாங்கியதும் குடும்பத்தினரே. தொடர்மாடியில் தூணையும் சிலாப்பையும் ஒவ்வொரு குடும்பத்திடமும் விடமுடியாது. ஆனால் கட்டமைப்பு, மலசலகூடம், குழாய், கதவு ஆகியவற்றை முடித்துக் கொடுத்துவிட்டு, தரை ஓடு, நிறப்பூச்சு, அலுமாரி ஆகியவற்றைக் குடும்பத்தின் வசதிக்கும் காலத்துக்கும் விடலாம். செலவு குறையும், ஒரே அச்சில் வார்த்த வீடுகளும் தத்தமது முகத்தைப் பெறும்.

கையளித்தலும் பராமரிப்பும்

வீடுகளைத் தனித்தனி உரிமையாக வழங்குவதாயின், 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் கீழ் கூட்டாதனத் திட்டம் (எந்தப் பகுதி எவருக்கு, எது பொது என்று காட்டும் வரைபடம்) பதிவு செய்யப்பட வேண்டும். அதன் பின்னர் உரிமையாளர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் பொதுப் பகுதிகளுக்குப் பொறுப்பாகும். குத்தகை வழியைத் தெரிவு செய்தவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் யாப்பே அடிப்படை. அதில், வெளியேறும் குடும்பம் வீட்டைச் சங்கத்துக்கே, முன்கூட்டி எழுதிய சூத்திரத்தின்படியான விலைக்கு, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற விதி சேர்க்கப்படட்டும். இவ்விதி இல்லாத இடத்தில் ‘ஏழைகளுக்கான வீடு’ என்பது முதற் குடும்பத்தோடு முடிந்துவிடும். தாங்கி கழுவுதல், கலி பவுசர், மோட்டர் திருத்தம், வெளிச்சுவர்ப் பூச்சு ஆகியவற்றுக்கான மாதக் கட்டணத்தை முதல் மாதத்திலிருந்தே அறவிட வேண்டும். உடைந்த பின்னர் பணம் சேர்க்கக் கூட்டம் கூட்டினால் எவரும் வரமாட்டார்கள்.

ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டியதில் பிடித்துவைக்கும் தடுத்துவைப்புப் பணத்தை ஒரு மாரி முழுவதும் கடந்த பின்னரே விடுவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வேலை ஏப்ரலில் முடிந்தால் எல்லாக் கூரையும் நல்ல கூரையாகவே தெரியும். நவம்பர், டிசம்பர் மழையில் குடியிருப்பவர், பொறியியலாளர், ஒப்பந்தக்காரர் மூவரும் சேர்ந்து ஒவ்வொரு வீட்டின் மேற்கூரை மூலையையும், குளியலறைத் தரையையும், மலக்குழியின் மட்டத்தையும் பார்த்து, ஒழுகும் இடங்களைப் பட்டியலிட்டு, திருத்தி முடித்த திகதியோடு குடியிருப்பவரின் கையொப்பத்தையும் அதே தாளில் பெற்ற பின்னர்தான் காசோலையில் கையொப்பமிட வேண்டும்.